ஊதாவா வந்ததையும் எழுதச் சொல்லு

பாப்பா,

நேத்து போன்ல நீ கத்துனதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது, மீதி உங்க ஊர் டிராஃபிக்ல போயிடுச்சு. புரிஞ்ச வரைக்கும் விஷயம் இதுதானே, சம்மர் ஃபெல்லோஷிப்ல, அதான் லீவுல உங்க லேப்ல ரிசர்ச் பழக வர்றது, அதுல வந்த அந்த ஒடிசா பையன் தங்க நானோ துகள் பண்ணியிருக்கான், கண்ணுக்கே தெரியாத பொடித் தங்கம் தண்ணியில மிதக்கறது, மாதுளம்பழ ஜூஸ் மாதிரி சிவப்பா வரவேண்டியது ஊதாவா வந்துடுச்சு, உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சிங்க்ல ஊத்திட்டான், மறுபடி பண்ணான், மறுபடி ஊதா, அதையும் ஊத்திட்டான், கடைசில சிவப்பா வந்ததை மட்டும் நோட்ல எழுதிட்டு 'மேம், வந்துடுச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டு வந்து நின்னிருக்கான். நீ சாமியாடிட்ட. (ஸ்பீக்கர்ல கேட்ட உங்கம்மா "தங்கத்தையா ஊத்துனான், எத்தனை பவுன்டா"ன்னு நெஞ்சுல கை வச்சுட்டா, அதெல்லாம் மில்லிகிராம் கணக்குன்னு சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு.)

உன் கோபம் நியாயம்தான். ஆனா அவன் ஏமாத்தல பாப்பா, காலேஜ் லேப்ல நாம சொல்லிக்குடுத்ததை அச்சு பிசகாம செஞ்சிருக்கான். ரிட்டையர் ஆகுற வரைக்கும் கெமிஸ்ட்ரி லேப்ல நின்னவன் சொல்றேன். டைட்ரேஷன்ல, அதான் ப்யூரெட்ங்கற அளவுக் குழாய்ல இருந்து சொட்டுச் சொட்டா விட்டு கரைசலை அளக்கறது, மொத ரீடிங் 18.4 வரும், அடுத்தது 18.9 வரும், ரெண்டும் ஒத்துப்போகணுமேன்னு புள்ளைங்க மூணாவது தடவை ப்யூரெட்டைத் தொடவே மாட்டாங்க, பென்சிலால 18.9ஐ அழிச்சுட்டு 18.4னு போட்டு சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. குடுத்த உப்பு என்னன்னு கண்டுபிடிக்கற சால்ட் அனாலிசிஸ் அன்னிக்கு இன்னும் மோசம், டெஸ்ட் ட்யூபைக் கழுவறதுக்கு முன்னாடியே "அண்ணே, என் சால்ட் என்னண்ணே"ன்னு காதோரமா வந்து நிப்பாங்க, ஏன்னா யாருக்கு எந்த சால்ட்னு ஒரு லிஸ்ட் டிபார்ட்மென்ட்ல இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். மூணு வருஷம் இப்படியே ஓடுது. விடை எங்கயோ எழுதி வச்சிருக்கு, அதுக்கு ஒத்து வராதது எல்லாம் நம்ம தப்பு, தப்பை யாரும் பாக்கறதுக்குள்ள கழுவிடணும். இந்தப் பழக்கத்தோட வந்தவன்கிட்ட, இங்க லிஸ்டே கிடையாது, உனக்கும் விடை தெரியாது, உன் கைடுக்கும் தெரியாதுன்னு யாராவது சொன்னீங்களா? வந்த அன்னிக்கே பத்து பேப்பரைக் குடுத்துப் படின்னு சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியும்.

அதனால கூப்பிட்டு உக்கார வச்சு அட்வைஸ் எல்லாம் பண்ணாத. உன் பிஎச்டி மொத வருஷ நோட்டை எடுத்து அவன் கையில குடு, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே அதேதான், பக்கம் பக்கமா 'வரல', 'மறுபடி வரல'ன்னு எழுதியிருப்பியே அதைப் பாக்கட்டும். அப்புறம் அந்த ஊதாவை ரெண்டு பேருமா சேந்து மறுபடி வரவைக்கப் பாருங்க. அந்த டர்கெவிச் முறையை நீதானே எனக்குச் சொன்ன, 1951லயே வந்தது, தங்கக் கரைசலைக் கொதிக்கவிட்டு சிட்ரேட் சேத்தா நேரா சிவப்பாகாது, நடுவுல கருநீலம், ஊதான்னு போய்த்தான் சிவப்பாகும்னு. அப்போ அவன் அவசரப்பட்டு சீக்கிரம் இறக்கிட்டானா, இல்ல ஃப்ளாஸ்க் சரியா கழுவாம உப்பு ஒட்டியிருந்து துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து திரண்டுடுச்சா? இதுல எதுன்னு அவனையே கண்டுபிடிக்கச் சொல்லு. வந்த ரெண்டு மாசத்துல அவன் சொந்தமா கேட்ட மொத கேள்வி அதுவாத்தான் இருக்கும், உன் தீசிஸ்ல ஒரு பக்கம் கூட ஏறாது, பரவால்ல.

கழுவறதுன்னதும் ஞாபகம் வருது. ஃப்ளாஸ்க்ல ஒட்டின தங்கத்தைக் கரைச்சுக் கழுவற ராஜதிராவகம், அந்த ரெண்டு ஆசிட் கலவை, அதை அவன் தனியா கலக்கவே கூடாது, நீ பக்கத்துல நிக்கணும், புகையை வெளிய இழுக்கற ஃப்யூம் ஹுட்ல, கிளவுஸ் கண்ணாடி போட்டு, அப்பப்போ வேணுங்கறது மட்டும். முக்கியமா வேலை முடிஞ்சப்புறம் மிச்சத்தைப் பாட்டில்ல ஊத்தி மூடியை இறுக்கி வச்சுட்டுப் போயிடப்போறான், உள்ள கேஸ் சேந்துக்கிட்டே இருக்கும், பாட்டில் வெடிச்சுடும். புதுசா வர்றவங்களுக்கு இதை வாயால சொன்னாப் பத்தாது, செஞ்சு காட்டணும்.

நீ நேத்து 'எனக்கென்ன தலையெழுத்து, என் வேலையே கெடக்கு'ன்ன. நெஜம்தான். கைடு ஆளைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டு கான்ஃபரன்ஸ் போயிடுவார், பாக்கறது பூரா நீ. அடுத்த வருஷம் ரெண்டு பேரைத் தலையில கட்டினா முடியாதுன்னு சொல்லிடு, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா வந்தவனைப் பத்தி ஒண்ணு யோசி. நட்சத்திரங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி நோபல் வாங்கின நம்ம சந்திரசேகர் 1928ல மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சுட்டு இருக்கும்போதே லீவுக்கு கல்கத்தா போய் சி.வி.ராமன் லேப்ல இருந்தார், அங்க ராமனோட வேலை பாத்த கே.எஸ்.கிருஷ்ணன் மாதிரி ஆளுங்க பக்கத்துல பேச்சுத்துணைக்கு இருந்தாங்க, அடுத்த வருஷமே ராயல் சொசைட்டி பத்திரிகையில அவர் பேப்பர் வந்துடுச்சு. மூளைக்காரர்தான், யார் இல்லேன்னா. ஆனா ராமன் அவருக்குச் சொந்த சித்தப்பா! எல்லாருக்கும் அப்படி ஒரு சித்தப்பாவுக்கு எங்க போறது? உன் ஒடிசா பையனுக்கு அகாடமி ஃபெல்லோஷிப் ரயில் டிக்கெட் வரைக்கும் குடுக்கும், லேப்ல 'எனக்குப் புரியல'ன்னு பயப்படாம சொல்றதுக்கு ஒரு ஆளைக் குடுக்குமா? அது நீதான். மேம்னு கூப்பிட வேணாம்னு சொல்லு, அவங்க ஊர்ல அக்காவைக் கூப்பிடற மாதிரி தீதின்னு கூப்பிடட்டும்.

இன்னொண்ணு. செவ்வாக்கிழமை மீட்டிங்ல அவன் வேலையை நீ சொல்லாத, அவனே சொல்லட்டும், ஊதா சமாச்சாரத்தையும் சேத்து. திக்குவான், நீ நடுவுல பூந்து முடிச்சு வைக்காத, உனக்கு அந்தக் குணம் சின்னதுல இருந்தே உண்டு. கைடு ஒரு மாதிரி பாத்தார்னா 'நான்தான் சார் எழுதச் சொன்னேன்'னு சொல்லிடு. ஊருக்குப் போறப்ப ரெகமண்டேஷன் லெட்டர் எப்படியும் நீதான் எழுதுவ, கைடு கையெழுத்துதான் போடுவார், அதுல 'ஹார்ட் வொர்க்கிங்'னு மொட்டையா எழுதி அனுப்பிடாத, ஊதா ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சான்னா அதை எழுது.

அம்மா முறுக்கு சுத்திட்டு இருக்கா. உன் பங்குல பாதி அவனுக்காம், சொல்லச் சொன்னா.

அப்பா