பில்லில் ஆயிலின் கிரேடை எழுதுங்கள்

பெங்களூருவின் கார் சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் அல்சூரில் இருக்கிறேன். தினமும் சில்க் போர்டைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறேன். பெட்ரோல் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

போன சர்வீஸ் பில்லில் ‘இன்ஜின் ஆயில் 3.5 லிட்டர்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. என்ன கிரேடு (ஆயில் எவ்வளவு கெட்டி என்கிற எண்), என்ன தரம் என்று ஒன்றும் இல்லை. கார் கையேட்டில் ஃபில்டரையும் சேர்த்து 3.1 லிட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. சந்தேகம் வந்து, மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியிருந்தபோது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு அரை விரல்கடை மேலே நின்றது ஆயில். அளவு மிஞ்சினால், இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், பேரிங்குக்குப் போகிற அழுத்தம் குறையும். ஆக, காசும் கூடக் கொடுத்து, கெடுதலையும் வாங்கி வந்திருக்கிறேன்.

திரும்பிப் போய்க் கேட்டேன். “கம்பெனி ஆயில் சார், பேரலிலிருந்து ஊற்றினோம்” என்றார்கள். கிரேடு என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, அடுத்த முறை நானே வாங்கி வருகிறேன் என்றேன். “வாரண்டி போயிடும்” என்று உடனே பதில் வந்தது.

கம்பெனி ஆயில் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்கள் கலந்து கொடுப்பதுதான் கார் நிறுவனத்தின் பெயரில் டப்பாவில் வருகிறது. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் அதே கிரேடும் அதே தரமும் கிடைத்தால் அதுவும் நல்ல ஆயில்தான். என் கார் கையேடு கேட்பது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய கிரேடு, ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம். கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினுக்கு நல்லது என்பது பழைய வண்டிக் காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளிகள் குறைவு. காலையில் சாவி போட்டதும் மேலே வால்வு வரை ஓடிச் சேர மெல்லிய ஆயில்தான் வேண்டும். பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் கவனம் இன்னும் அதிகம் தேவை. எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயிலை ஊற்றாவிட்டால் புகைப் பாதையில் உள்ள ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இவ்வளவு இருக்கும்போது பில்லில் கிரேடு இல்லை என்றால் எதை நம்புவது?

வாரண்டி என்று மிரட்டுவதையும் விடுங்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் போட்ட உத்தரவிலேயே, வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம்.

வெளியே போலி ஆயில் உண்டு என்று நீங்கள் சொல்வது உண்மைதான், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. காலி கேனை எடுத்துப் போய் மறுபடி நிரப்பி விற்கிறார்கள். அதனால் நான் கொண்டுவரும் கேனின் சீலை என் முன்னால் உடையுங்கள், ஊற்றி முடித்ததும் கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள். கிரேடையும் பேட்ச் எண்ணையும் ஜாப் கார்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரல் ஆயில்தான் என்றால், பேரலில் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் 30,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு வருகிறேன். சாவியைத் திருப்பித் தருவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவி என்னிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு கார்க்காரன்