வளர்ந்த பிள்ளையோடு பேச லயத்தில் இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

"வளர்ந்த பிள்ளைகளோடு மனம் விட்டுப் பேசுங்கள்" என்று பாடசாலைக் கூட்டத்திலும் சொல்கிறார்கள், கோயில் மேடையிலும் சொல்கிறார்கள். சரி, பேசுகிறோம். எங்கே வைத்துப் பேசுவது? நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை), அதில் ஐந்து பேர். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. இங்கே இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து "மருந்து குடிச்சியா?" என்று குரல் வரும். அதில் அன்பும் இருக்கிறது. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் மனதில் கிடப்பதை அங்கே வாய்விட்டுச் சொல்லுமா?

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். மகன் உயர்தரம் எழுதினான். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போனான். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பகல் முழுக்கப் படுக்கை, இரவு முழுக்க போன். மைதானமே கதியென்று கிடந்தவன், கூட்டாளிகள் வாசலில் வந்து கூப்பிட்டாலும் எழும்புவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். அவன் அப்பா சத்தம் போட்டுப் பார்த்தார், அப்புறம் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். லயத்தில் ஒருவர் காதல் தோல்வி என்றார், ஒருவர் போதைத் தூள் என்றார், இன்னொருவர் செய்வினை, கயிறு கட்டு என்றார். எல்லாம் அவன் காதில் விழும்படியாகவே.

அவன் வாய் திறந்தது விறகுக்குப் போன இடத்தில்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) பொறுக்கிக் கட்டி, ஆளுக்கொரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினோம். நான் முன்னால், அவன் பின்னால். முகம் பார்க்கத் தேவையில்லை. "அந்தக் கடையில எல்லார் முன்னாலயும் தோட்டக்காட்டான்னுதாம்மா கூப்பிடுவாங்க" என்றான். தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் சொல் அது. கல்லாவில் காசு குறைந்தால் முதலில் இவன் பையைத்தான் கொட்டிப் பார்ப்பார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. "அதையெல்லாம் பெருசா எடுக்காத" என்று நான் சொல்லவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அங்கே வைத்துக் கேட்டேன்: "சாகணும்னு தோணுதா தம்பி?" கட்டை இறக்கி வைத்தான். "சில ராத்திரி தோணும்மா" என்றான்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பல தாய்மார் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைக்கும் அது ஒரு பெரிய ஆறுதல். அன்று இரவு நான் அவனைத் தனியாக விடவில்லை. 1926க்குப் பேசினோம். அது இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் கேஸ் வரும் என்று பயந்து மறைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பிறகு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பொறுமையானவர், ஆனால் அவருக்குத் தமிழ் வராது. என் மகனுக்குக் கடையில் பழகிய சிங்களம் விலை சொல்லத்தான் போதும், மனதைச் சொல்லப் போதாது. சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். என்னிடமே தயங்கித் தயங்கிச் சொன்னதை, முன்பின் தெரியாத ஒருவர் வாய் வழியாக அவன் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் தலையைக் குனிந்துகொண்டான். இப்போதும் கிளினிக்குக்குப் போகிறான், மருந்து எடுக்கிறான், ஓரளவு சாப்பிடுகிறான். ஆனால் பேச்சு என்னோடு மட்டும்தான், அதுவும் நடக்கும்போதுதான்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எங்கள் டிவிசனுக்கு ஒருவரும் வந்து நான் கண்டதில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லி, தொழிற்சங்கத் தலைவர்களும் அதிகாரிகளும் தயவுசெய்து ஏற்பாடு செய்ய வேண்டும். சம்பளத்துக்குப் பேசும் அதே குரலில் இதற்கும் பேசுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கொழுந்து எடை போட்டுவிட்டுத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு மடுவம் காலியாகத்தான் கிடக்கிறது. நல்ல சுவர், கதவு, மூன்று நாற்காலி இருக்கின்றன. துரை (தோட்ட முகாமையாளர்) அனுமதித்தால், கூட்டித் துடைத்துத் திறந்து வைக்க நான் தயார். சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய், பொகவந்தலாவை
(மகனுக்காகப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.)