எடையை எனக்கு எழுத வேண்டாம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறோம். அக்காவின் சின்னவள் முழு வாக்கியமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். நீ அழைக்கும்போது கைப்பேசியைப் பிடுங்கித் திரையில் உன் முகத்தைத் தேடுகிறாள், முகம் வருவதில்லை. இணைப்பு சரியில்லை என்று நீ சொல்வதையே நானும் அவளுக்குச் சொல்லி வருகிறேன். இணைப்பில் ஒரு குறையும் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மீது கோபப்படாதே, நான்தான் விடாமல் கேட்டேன். பகல் முழுவதையும் கறுப்புக் காபியில் ஓட்டிவிட்டு இரவில்தான் சாப்பிடுகிறாய் என்றும், இன்னும் இருபது கிலோ குறைந்த பிறகே வீட்டுப் பக்கம் வருவேன் என்று சொன்னாய் என்றும் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. வீட்டுச் செய்திகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிறகு எழுதுகிறேன். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்தின் மீதியைப் படி.

நான் வார்டில் வேலை பார்த்த காலம் முழுவதும் மனிதர்களை எடைக் கருவியில் ஏற்றி இறக்கியவள். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றுவார்கள், அது முறை. ஆனால் கைக்கடிகாரத்தையும் கழற்றுவார்கள், சட்டைப்பையில் கிடக்கும் சாவிக்கொத்தை எடுத்து என் மேசைமேல் வைப்பார்கள், வயிற்றை உள்ளிழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும், தவறு செய்து பிடிபட்டவர்களைப் போல என் முகத்தைப் பார்ப்பார்கள். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களும் அந்த ஒரு நொடியில் அப்படித்தான் நின்றார்கள். நாங்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டது மருந்தின் அளவைக் கணக்கிடவும் உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்று அறியவும்தான். ஆளை எடைபோட யாரும் அதைக் கேட்கவில்லை. நீ தினமும் காலையும் மாலையும் அந்தக் கருவியின்மேல் அப்படி நிற்கிறாய் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

உடம்பைக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வயது உனக்குத் தெரியும். அந்த வயதை நீ நெருங்கிக்கொண்டிருக்கிறாய் என்பதும் தெரியும். எடை கொஞ்சம் குறைந்தால் உனக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் நீயும் நானும் வேறுபடுகிறோம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உணவையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதும் மட்டுமே. மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பெற்றவர்களுக்கு அது 31 சதவீதம் குறைந்தது. தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவைச் சற்றே தாண்டும். நீ ஏற்கெனவே ஐந்து கிலோவைக் குறைத்திருக்கிறாய். அதைச் சொல்லி மகிழ வேண்டிய நீ, போதவில்லை என்று அக்காவிடம் அழுதிருக்கிறாய்.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ போய்விட்டது என்று அவளிடம் சொன்னாயாம். அதில் பெரும்பகுதி தண்ணீர், மகனே. கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைந்து, நீரும் வெளியேறி, முள் வேகமாக இறங்கிவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. உன்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது ஒரே வாரத்தில் மூன்று கிலோ கரைய வழியே இல்லை. பிறகு முள் நகராமல் நின்றதைக் கண்டு, உன் கட்டுப்பாட்டில்தான் குறை என்று நீயே தீர்ப்பு எழுதி, இருந்த உணவையும் குறைத்துக்கொண்டாய். எதை எடுத்தாலும் பாதியில் விடாதவன் நீ. அந்தப் பரீட்சைக்கு இரண்டாம் முறை உட்கார்ந்து நீ படித்த படிப்பை இந்தத் தெருவே அறியும். எனக்குப் பெருமையாக இருந்த அந்த உறுதி இப்போது உன் வயிற்றின்மீது திரும்பியிருப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இதற்குத் தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு கொடுத்தார்கள். சராசரியாக நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. நீ இன்று உண்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர்களுடைய எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. சோர்ந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், இரவும் பகலும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். அதுவரை சமையலறைப் பக்கமே போகாதவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பட்டினி முடிந்த பிறகு வயிறு நிறைய உண்டும் பலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்களில் யாருக்கும் மன உறுதி குறைவில்லை. பட்டினி கிடக்கும் மனித உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

எடை குறையும்போது, கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்னில் சிலருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து, ஓராண்டு கழித்து அவர்களுடைய இரத்தத்தைப் பரிசோதித்தபோதும் இந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 2011-இல் அதை வெளியிட்டார்கள். உன் உடம்பு உனக்கு எதிரியாகிவிடவில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று அஞ்சி, தனக்குத் தெரிந்த வழியில் உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது.

இப்போது கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். இரவில் தனியாக உட்கார்ந்து, நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறாயா? சாப்பிட்ட பிறகு அவமானம் தாங்காமல் வாந்தி எடுக்கிறாயா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு நாளாகத் தொலைபேசியில் அப்பாவின் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாடு இழந்து உண்பது ஒரு நோய் என்று 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஆண்களுக்கும் வருகிறது, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பருமனாக இருப்பவர்களுக்கும் வருகிறது, சிகிச்சையும் இருக்கிறது. ஆம் என்றால், எடையைப் பற்றிய பேச்சையே ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதற்கு மருத்துவரைப் பார். இல்லை என்றால், இல்லை என்று ஒரு வரி எழுது, நான் நம்புகிறேன்.

உன் அகன்ற தோளும் கனத்த இடுப்பும் எங்கிருந்து வந்தவை என்று நீ கேட்டதே இல்லை. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டபோது, அவர்களுடைய உடல்வாகு, அவர்களைப் பெற்றெடுத்தவர்களோடு ஒத்துப்போனதே தவிர, ஊட்டி வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. தாத்தாவின் பழைய படத்தை எடுத்துப் பார். கதவின் அகலத்துக்கு நிற்கிறார். அவரையா நீ வெறுக்கப் போகிறாய்? பழக்கத்தை மாற்றினால் இந்த உடம்பு ஆரோக்கியமாகும், கொஞ்சம் இளைக்கும். ஆனால் வேறு ஒருவருடைய உடம்பாக மாறாது. அதை ஏற்றுக்கொள்ளாமல் எந்த டயட்டைத் தொடங்கினாலும் அது தண்டனையாகத்தான் முடியும்.

அன்று எல்லோர் முன்னிலையிலும் பெரியப்பா சொன்ன சொல்லை நீ இன்னும் சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அது சொல்லத்தகாத சொல். ஆனாலும் எனக்கு உன்மீது ஒரு வருத்தம் உண்டு: ஒருவர் ஒருமுறை சொன்னதை இத்தனை ஆண்டுகள் நம்புகிறாய், நீ எப்படி இருந்தாலும் வா என்று நாங்கள் சொல்வதை மட்டும் நம்ப மறுக்கிறாய்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் சாப்பிடு. காலை உணவு தானாக எடையைக் குறைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பகலெல்லாம் காய்ந்த வயிறு இரவில் எவருடைய பேச்சையும் கேட்காது என்பதால் சொல்கிறேன். தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மீதிக் கால் பங்கு, முடிந்தவரை தவிடு நீக்காத தானியம். புரதத்தைக் குறைத்துவிடாதே, பட்டினியில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். உனக்குப் பிடித்த இனிப்பை நாள் முழுவதும் நினைத்து ஏங்குவதைவிட, எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு துண்டை நிதானமாகத் தின்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது மேல். ஒரு வேளை அதிகமாகிவிட்டால், அடுத்த வேளையைத் தள்ளிப் பரிகாரம் தேடாதே, வழக்கமானதைச் சாப்பிடு. இரவு வீடு திரும்பும்போது பிரித்தால் போதும் என்ற பாக்கெட் உணவை வாங்கி வராதே. அத்தகைய உணவையும் வீட்டுச் சமையல் போன்ற உணவையும் இரண்டிரண்டு வாரம் மாற்றிக் கொடுத்து 2019-இல் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், விரும்பிய அளவு உண்ணலாம் என்று விட்டபோது, பாக்கெட் உணவுக் காலத்தில் மக்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். அந்த உணவு வேகமாக இறங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. களைத்து வரும் நாளுக்கென்று எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றை முன்கூட்டியே தயாராக வை.

உறக்கத்தைக் குறைக்காதே, தூங்காத மறுநாள் பசி கூடும். நட; வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடு. கலோரியை எரிக்கவென்று நடக்காதே. சர்க்கரை கட்டுப்படும், இரத்த அழுத்தம் இறங்கும், மனமும் லேசாகும், எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும். தினமும் எடை பார்ப்பதை நிறுத்து. உப்பு, நீர், மலம் இவற்றாலேயே ஒரே நாளில் ஓரிரு கிலோ ஏறி இறங்கும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று எப்போதாவது ஒரு டேப்பால் அளந்து பார்த்தால் போதும். காலையில் சாப்பிடு என்று மேலே எழுதிவிட்டேனா? மறுபடியும் எழுதுகிறேன், சாப்பிடு.

நண்பர் ஒருவர் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிச் சொன்னாராம். மருத்துவர் உன் உடம்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்கு. யாரோ சொன்னார்கள் என்று நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. தோலுக்கு எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றியும் மருத்துவரிடம் மறக்காமல் சொல். அவை பசியையும் எடையையும் கூட்டும். நீ கூடியதாகச் சொல்லும் எடையில் எவ்வளவு அந்த மாத்திரையுடையது என்று நீ எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின், கல்லீரல். முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எடையை எழுத வேண்டாம். விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடு, இப்போது இருக்கும் உடம்போடு. யாராவது உன் உடம்பைப் பற்றி வாய் திறந்தால் அவர்களிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். பெரியப்பாவிடம் அப்பா ஏற்கெனவே பேசிவிட்டார். இரவைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அக்காவிடமாவது சொல். அவளிடமிருந்து அதை நான் கேட்டு வாங்க மாட்டேன்; நீ சொல்லிவிட்டாய் என்று மட்டும் அவள் எனக்குச் சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா