பழைய மணிக்கூட்டில் எதை மாற்றுவோம், எதைக் கேட்காமல் தொடமாட்டோம்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ரொரன்ரோவிலிருந்து வந்த ஒரு தம்பி, தகப்பனாரின் சீக்கோ 5 மணிக்கூட்டை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, "இதின்ர டயல் ஒறிஜினல் இல்லையாம். அங்க பார்த்தவை சொல்லுகினம். ஊரிலதான் ஆரோ மாத்திப்போட்டினமாம்" என்றார். முகத்தில் கோபம். பின்மூடியைக் கழற்றினோம். மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய ஒரு சின்ன அடையாளமும் 93 என்ற எண்ணும் இருந்தன. அது எங்கள் அப்பாவின் கீறல். டயலை மாற்றியது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

தம்பியிடம் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

1990இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். குவாட்ஸ் மணிக்கூடுகள் லாச்சிக்குள் போய், சாவி கொடுக்கிறதும், கை அசைவில் தானே சாவி ஏறுகிற ஓட்டோமற்றிக்கும் திரும்பக் கைக்கு வந்தன. கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வர வழியில்லை. செத்த மணிக்கூடு இரண்டை வைத்து உயிருள்ள ஒன்றை எடுத்த காலம் அது. அந்தத் தம்பியின் தகப்பனார் கிளாலிக் கடனீரேரியில் வள்ளமேறி வரும்போது மணிக்கூடு உப்புத்தண்ணீரில் தோய்ந்துவிட்டது. இயந்திரத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி அப்பா ஓடவைத்துவிட்டார். டயலைக் காப்பாற்ற முடியவில்லை, பூச்சு கொப்பளித்து எழுத்தெல்லாம் போயிருந்தது. கையிலிருந்த இன்னொரு சீக்கோவின் டயலை எடுத்து, பின்பக்கக் கால் இரண்டையும் வெட்டி, ஒட்டிவிட்டார்.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால், பூதக்கண்ணாடி ஒன்று போதும். சீக்கோவின் டயலில் 6 மணிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு எண் வரிசை இருக்கும். அதன் முதல் நாலு இலக்கம் உள்ளே இருக்கிற இயந்திரத்தின் எண். இந்த மணிக்கூட்டின் இயந்திரம் 6119, டயலிலோ 7009 என்று இருந்தது. திகதி காட்டும் ஜன்னலும் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. பின்மூடியில் உள்ள தொடர் எண் 47 என்று தொடங்கியது: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 6119 இயந்திரம் தயாரிப்பில் இருந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் 1974 யூலை. அந்த டயலுக்குரிய இயந்திரம் அப்போது சந்தைக்கே வரவில்லை.

இனி 'ஒறிஜினல்' என்ற சொல்லுக்கு வருவோம். கடைக்கு வருகிறவர்கள் அதை ஒரே பொருளில் சொல்லுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து அந்த மணிக்கூட்டோடு பிறந்து வந்த பாகம் ஒன்று. அதே கொம்பனி பிற்காலத்தில் செய்த மாற்றுப்பாகம் வேறு. 60களின் ஒமேகாவுக்குக் கொம்பனியே புது டயல் போட்டுக் கொடுத்திருந்தால் பெயர் சரி, காலம் பிழை. அதே மொடல் இன்னொரு மணிக்கூட்டிலிருந்து கழற்றியது மூன்றாவது. வேறு யாரோ அளவுக்குச் செய்து விற்கிற பாகம் நாலாவது. நாலையும் ஒறிஜினல் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தையே எடுங்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டியது. போரில் சேதப்பட்டு, பிறகு புது மணிக்கூடுகள் பொருத்தினார்கள். அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கோபுரத்தை யாரும் விற்கக் கொண்டுவரப் போவதுமில்லை. அப்பா பாவித்ததை நானும் பாவிக்கிறேன் என்றால் கலப்பு ஒரு குறையே இல்லை. விலை பேசும்போது மட்டும் அதைச் சொல்லாமல் விடுவது களவு.

சில பாகங்கள் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. மணிக்கூட்டை ஓடவைக்கும் சுருளான மெயின் ஸ்பிரிங், பின்மூடியின் றப்பர் வளையம், மேல்கண்ணாடி இவற்றை மாற்றுவதால் மணிக்கூட்டின் மதிப்புக் குறையாது. பழைய உருக்கு மெயின் ஸ்பிரிங் ஒருநாள் படீரென்று அறும், இப்போது வருகிற கலப்புலோகச் சுருள் அறுவது குறைவு. பழைய பிளாஸ்ரிக் கண்ணாடியில் கீறல் என்றால் மாற்றவும் தேவையில்லை, தேய்த்தெடுக்கலாம். சாவி, அதாவது பக்கத்துத் திருகி, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் கொம்பனி அடையாளம் பொறித்த பழையதைத் தூக்கி எறியக் கூடாது. றப்பர் புதிதென்றாலும், ஐம்பது வருட மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு கீரிமலைக் கேணியில் இறங்க வேண்டாம். பின்மூடியில் 'தண்ணீர் புகாது' என்று எழுதியிருப்பது அது பிறந்த காலத்துச் சங்கதி.

டயல், முள்ளு, உறை (இயந்திரத்தைச் சுற்றியுள்ள உலோகக் கூடு) இந்த மூன்றும் வேறு கதை. மணிக்கூட்டின் முகமே அதுதான், பணமும் அதிலேதான். இப்போது மும்பைப் பக்கமிருந்து பளபளவென்று வருகிற பழைய சீக்கோக்களைப் பார்த்திருப்பீர்கள்: மயில்நீலம், செம்மஞ்சள், சிலவேளை தொழிற்சாலை ஒருநாளும் போடாத நிறம். பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டி மறுபடி அச்சடித்தவை. எழுத்துத் தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் நிற்காது, அடியில் உள்ள சின்ன எண் காணாமல் போயிருக்கும். அந்தத் தம்பிக்கென்று 6119 டயல் தேடி இரண்டு எடுப்பித்தோம். இரண்டும் இப்படித்தான். திருப்பி அனுப்பிவிட்டோம், இன்னும் தேடுகிறோம்.

இருட்டில் ஒளிர்கிற பூச்சும் பொய் சொல்லாது. சுவிஸ் டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற சொல்லுக்கு இருபக்கமும் ஆங்கில 'ரி' (T) எழுத்து இருந்தால் அது திரிற்றியம், தன் கதிரால் பூச்சை ஒளிரவைக்கும் பொருள். பன்னிரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் அதன் வலு பாதியாகும். ஆகவே 60களின் டயல் இன்றைக்கு ஒளிரக் கூடாது. டயல் இருட்டாகவும் முள்ளு மட்டும் பச்சையாகவும் மின்னினால், முள்ளு பிறகு வந்தது, அல்லது புதுப்பூச்சுப் பூசியது. அதற்கும் முந்தியவற்றில், மலாயாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தது போன்ற பழசுகளில், றேடியம் இருக்கலாம். ஒளி செத்திருக்கும், கதிர் சாகாது, 1,600 வருடத்தில்தான் பாதியாகும். தயவுசெய்து வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்காதீர்கள். நாங்களும் சுரண்டமாட்டோம்.

"ஒருக்கா பொலிஷ் பண்ணித் தாங்கோ, நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்ட வேணும்" என்று கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உறையின் கூர்மையான விளிம்பு ஒருமுறை மழுங்கினால் திரும்ப வராது. தங்கமுலாம் உறையில் '20 மைக்ரோன்' என்று இருந்தால் முலாமின் தடிப்பு அவ்வளவுதான், மெஷினில் பிடித்தால் பித்தளை பல்லைக் காட்டும். துடைத்துத் தருகிறோம், போதும்.

சரி, இனிமேல் எங்கள் நடைமுறை இது. கழற்றும் முன் டயல், இயந்திரம், பின்மூடி மூன்றையும் படமெடுத்து உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவோம். எது அதோடு பிறந்தது, எது பிறகு வந்தது என்று எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்லுவோம். டயல், முள்ளு, உறை, திருகி இவற்றை உங்களைக் கேட்காமல் மாற்றமாட்டோம். மாற்றிய பாகம் கொம்பனியினதா, பழையதா, வேறிடத்துச் செய்கையா என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவோம். அப்பாவின் காலத்தில் இப்படி எழுதும் வழக்கம் இருக்கவில்லை, மூடியில் கீறியதோடு சரி. 2000க்கு முன் எங்களிடம் திருத்திய மணிக்கூடு உங்களிடம் இருந்தால் ஒருமுறை கொண்டுவாருங்கள். காசில்லாமல் திறந்து பார்த்துச் சொல்லுகிறோம்.

கழற்றிய பழைய பாகம் உங்களுடையது. சின்னப் பக்கற்றில் போட்டுப் பெயரெழுதித் தருகிறோம். அதை மேசையிலேயே விட்டுப் போகிறவர்கள் அதிகம். கீழ் லாச்சியில் இப்போது பதினொரு பக்கற் கிடக்கிறது. ஒன்றில் ஃபேவர் லூபா மணிக்கூட்டின் திருகி, இரண்டில் முள்ளு. உங்கள் பெயர் இருக்கிறதா என்று வந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மணிக்கூடு திருத்துநர்கள்,
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்