இரத்தத்தைப் படகில் ஏற்றுங்கள், அப்பாவை விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தீவுப்பகுதி நோயாளரின் பாடு உங்களுக்குப் புதிதல்ல. ஆகவே ஆதியிலிருந்து தொடங்காமல் போன கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. இதயம் பலவீனம். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி வாட்டில் சேர்த்தபோது அவருடைய என்ரி புரோ பிஎன்பி (NT-proBNP) என்ற இரத்தப் பரிசோதனை எண் 4,200. வீட்டுக்கு விடும்போது 2,600. "30 வீதத்துக்கு மேல இறங்கியிருக்கு, நல்லது" என்றார் டொக்டர். அப்படி இறங்கியவர்கள் திரும்ப வாட்டுக்கு வருவதும் இறப்பதும் குறைவாம். இறங்காதவர்களைத்தான் கூடக் கவனிக்க வேண்டுமாம். இதயச் சுவர் இழுபடும்போது இரத்தத்தில் கூடுகிற பொருள் இது. வயது போனாலும் சிறுநீரகம் பழுதானாலும் கூடும் என்பதால், ஒரு எண்ணை வைத்துச் சாத்திரம் சொல்லாமல் அவரவரின் முந்திய எண்ணோடு பார்க்க வேண்டும் என்றும் விளங்கப்படுத்தினார். பொறுமையான மனிதர். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

குறை கையில் தந்த துண்டில்தான். ஆறு கிழமையில் இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்துகொண்டு வரவும். வெளியே, தனியார் லாப்பில்.

நெடுந்தீவிலிருந்து விடியப் படகு. குறிகட்டுவான் துறையில் இறங்கி யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பஸ். அப்பா காலையில், உடம்பில் நீர் தேங்காமல் சலமாகப் போவதற்கான குளிசை போடுகிறவர். போட்டால் அடிக்கடி எழும்ப வேண்டும். நாங்கள் வரும் படகில் ஒதுங்க இடமில்லை. பள்ளிக்கூட ரீச்சர்மார், தெரிந்த முகங்கள், நெருக்கியடித்த இருக்கை. எனவே எனக்குச் சொல்லாமலே மனிதர் குளிசையை விட்டுவிட்டார். முதல் நாள் கடல் கொந்தளித்து, துறை வரை வந்து திரும்பினோம், அன்றும் போடவில்லை. அடுத்த நாள் படகு ஓடியது, அன்றும் போடவில்லை. லாப்பில் இரத்தம் எடுத்து "ரிப்போர்ட் நாளைக்கு" என்றார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் எண் 3,900.

"ஏன் ஐயா கூடினது? உப்புக் கூடச் சாப்பிட்டனீங்களோ?" என்று கிளினிக்கில் கேட்டார்கள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிசைக் கதையை அன்றிரவு, வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது சொல்லுங்கள், அந்த 3,900 நோய் தந்த எண்ணா, பயணம் தந்த எண்ணா?

இதில் எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? இந்தப் பரிசோதனைக்கான இரத்தம் சாதாரண அறை வெப்பத்திலேயே மூன்று நாள் வரை பழுதாகாமல் நிற்கும். இரத்தம் எடுக்கத் தெரிந்தவர்கள் தீவிலும் இருக்கிறார்கள். தீவில் எடுத்து, குழாயை விடியப் படகில் அனுப்பி, முடிவைத் தொலைபேசியில் சொன்னால் போதும். எங்கள் கடலில் பிடித்த நண்டு ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்பு வரை பத்திரமாகப் போய்ச் சேருகிறது. நண்டுக்குக் கிடைக்கிற ஒழுங்கைத்தான் அப்பாவின் இரத்தத்துக்கும் கேட்கிறேன். நெஞ்சுநோ வந்தவுடன் பார்க்கிற ட்ரொபோனின் என்ற இரத்தப் பரிசோதனை வேறு. அது மணித்தியாலக் கணக்கு, படகுக்குக் காத்திருக்க முடியாது. அதைப்பற்றி இங்கே பேசவில்லை.

இலவச வைத்தியம் என்கிறோம். சரி, இலவசம்தான். பஸ், லாப், இரண்டு நாள் சாப்பாடு, இதற்கெல்லாம் அம்மா பால் விற்ற காசு எந்த அறிக்கையிலும் வராது. பெரியவர்கள் தீவுக்கு வருகிற நாளில் மட்டும் படகு பிந்துவதில்லை, துறையும் கூட்டித் துப்புரவாக இருக்கும். வருடத்தில் பத்துத் திறப்பு விழா வைத்தால் எங்களுக்கு எவ்வளவு வசதி!

மன்னிக்கவும். கேட்க வந்தது அதையல்ல. இதய நோயாளரின் தொடர் பரிசோதனைக்குத் தீவிலேயே இரத்தம் எடுத்து, குழாயைப் பட்டணத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்து தாருங்கள். கிழமையில் ஒரு நாள் என்றாலும் போதும். பணிவாகத்தான் கேட்கிறேன்.

அப்பாவின் அடுத்த கிளினிக் மார்கழியில், கடல் மோசமாக இருக்கிற நேரம். அதற்குள் முடியாதென்றால், படகில் வருகிற நாளில் அந்தக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுவது என்றாவது கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தீவிலிருந்து ஒரு மகள்