வலுவற்றது பிணைப்பு அல்ல: மாணவர் இணைப்பில் வந்த தவறான விடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், வேதியியல் வினா-விடைப் பகுதியில், "சகப்பிணைப்பு வலுவற்றது, ஆகவே சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை, கொதிநிலை குறைவு" என்று ஒரு விடை வந்திருந்தது. அது தவறு. அச்சுப்பிழை என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் சொன்னேன். "பேப்பர்லயே போட்ருக்கே டீச்சர்" என்று இணைப்பை எடுத்து நீட்டுகிறாள். அரசுப் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். அவளுக்கு என் வார்த்தையைவிடத் தங்கள் பேப்பர் பெரிது. அந்த நம்பிக்கையைத் தாங்கள் இவ்வளவு அலட்சியமாக நடத்தலாமா என்பதுதான் என் வருத்தம்.

தாங்கள் அறியாததல்ல. மூலக்கூறுக்குள் அணுக்களைப் பிடித்து வைத்திருப்பது சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையே இருக்கும் ஈர்ப்பு வேறு. கொதிக்கும்போது விட்டுப் போவது இந்த இரண்டாவதுதான். மீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 161 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) ஆவியாக 8 கிலோஜூல் போதும். அதே ஒரு மோலில் இருக்கும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளை எல்லாம் அறுக்க ஏறத்தாழ 1,660 கிலோஜூல் வேண்டும். இருநூறு மடங்கு! இதையா வலுவற்றது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது? உலையில் தண்ணீர் கொதிக்கும்போது பிணைப்பு அறுவது உண்மையானால், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்லவா கிளம்பும்? வீடு தங்குமா? வருவது நீராவி. மூடியில் பட்டால் மறுபடி தண்ணீர்.

ஆய்வகத்தில் நான் காட்டியது அயோடின். சோதனைக் குழாயில் இரண்டு துணுக்கு போட்டு லேசாகச் சூடு காட்டினால் ஊதா நிறத்தில் ஆவி எழும்பும். குழாயின் மேல்பக்கம் குளிர்ந்த இடத்தில் அதே கருத்த பளபளப்பான படிகமாகப் படியும். ஏறியதும் அயோடின் மூலக்கூறு, படிந்ததும் அயோடின் மூலக்கூறு. ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை இதை மறக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லிலும் சகப்பிணைப்புதான். அங்கே தனித்தனி மூலக்கூறு கிடையாது, கல் முழுக்கப் பிணைப்பு. அதை உருக்க 1,700 டிகிரி ஆகிறது. தங்கள் விடையைப் படித்த மாணவன் இதற்கு என்ன எழுதுவான்?

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். ஜவ்வரிசியில் பாலிமர் கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் வந்த புரளியை விசாரிக்காமல் தாங்கள் செய்தியாக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை. சேலத்தில் பதிப்பு வைத்திருக்கும் பத்திரிகை செய்கிற வேலையா அது? ஆத்தூர்ப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விளைவிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் சேகோ ஆலைக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஜவ்வரிசியே பாலிமர்தான், ஐயா. கிழங்கு மாவு என்பது குளுக்கோஸ் அலகுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சகப்பிணைப்பால் கோத்த சங்கிலி. கஞ்சி காய்ச்சும்போது முத்தின் நடுவே இருக்கும் வெள்ளைப் புள்ளி மெல்ல மறைந்து தெளிகிறதே, அப்போது சங்கிலிகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் (பெயரில் பிணைப்பு என்றாலும் இங்கே இது சங்கிலிகளுக்கு இடையேயான ஈர்ப்புதான்) தளர்ந்து தண்ணீர் உள்ளே போகிறது. சங்கிலி அறுவதில்லை. அதை அறுக்க நம் எச்சிலில் இருக்கும் நொதி வேண்டும், அல்லது அமிலம் வேண்டும். சந்தேகம் இருந்தால் வேகவைத்த ஜவ்வரிசியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பார்த்திருக்கலாம். கருநீலமானால் மாவு, பாலித்தீன் அப்படி ஆகாது. இவ்வளவையும் அப்போதே எழுதி அனுப்பினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை.

ஏற்காடு மலையில் கிடக்கும் பிளாஸ்டிக் பற்றிய தங்கள் கட்டுரையிலும் இதே குழப்பம். சூடு பட்டால் பிளாஸ்டிக்கின் பிணைப்பு உடைந்து உருகுகிறதாம். பாலித்தீன் உருகும்போது சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன, அவ்வளவுதான். அதனால்தான் ஆறியபின் மறுபடி அதே பாலித்தீன் கிடைக்கிறது. பாலித்தீன் சங்கிலியின் அலகான எத்திலீன் தனியாக இருக்கும்போது மைனஸ் 104 டிகிரியில் கொதிக்கிற வாயு. அதையே நீளமாகக் கோத்துவிட்டால் 100 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும் திடப்பொருள். சங்கிலி நீண்டதால் பக்கத்துச் சங்கிலியோடு ஈர்ப்பு கூடிவிட்டது. 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இவை உண்மையிலேயே சகப்பிணைப்பால் ஆன நீண்ட மூலக்கூறுகள் என்று எழுதியபோது பெரிய வேதியியலாளர்களே ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன என்றார்கள். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அன்றே தீர்ந்த குழப்பத்தைத் தங்கள் இணைப்பு நம் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

பிணைப்பு வலுவற்றது என்றால், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் கவர்கள் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுச் சரிவுகளில் ஏன் இன்னும் கிடக்கின்றன? கார்பன்-கார்பன் பிணைப்பு வலுவானது. பாலித்தீனில் அதை வெட்டும் நொதி மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களிடம் பெரும்பாலும் இல்லாத குறைதான். வெயில் பட்டுத் துணுக்காகிறது, ஒழிவதில்லை. குச்சிக்கிழங்குத் திப்பியை, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை, அதே இடத்தில் கொட்டினால் மண் தின்றுவிடும்.

ராசிபலனில் ஒரு ராசி விட்டுப்போனபோது மறுநாளே முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தீர்கள். வேதியியலுக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் "மூலக்கூறுகளுக்கு இடையேயான விசை" என்று சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போடச் சொல்லி, கைடைக் கையில் வைத்திருந்தவர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். இனி அவர்கள் கையில் தங்கள் இணைப்பும் இருக்கும்.

நான் கேட்பது ஒரு திருத்தம். "சகப்பிணைப்பு வலுவானது. எளிய மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு விசை வலுவற்றது, அதனால் அவற்றின் உருகுநிலை, கொதிநிலை குறைவு" என்று, அதே வினா-விடைப் பகுதியில், அதே எழுத்தளவில், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு போடுங்கள். இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லை என்றாலும், அந்த இரண்டு வரிக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.