பாட்டின் மேல் பழி போடாதீர்கள்: ஆடித் திருவிழாக் கமிட்டியாருக்கு மைக் செட்டுக்காரர்களின் திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், வரி வசூலிக்கும் பெரியவர்கள், இரவு பகலாகப் பந்தலில் கிடக்கும் தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

காப்புக் கட்ட இன்னும் நாள் இருக்கிறது. பந்தக்கால் நட்ட பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை என்பதால் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே இதை எழுதுகிறோம்.

ஆடி முடிந்ததும் ஊரில் ஒரு பேச்சு அடிபடும். "அந்தப் பாட்டை மட்டும் இனிமே போடாதீங்கப்பா, கேட்டாலே தலை வலிக்குது." எந்தப் பாட்டு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எல்லா ஊரிலும் அது நல்ல பாட்டாகத்தான் இருக்கும். யாருக்கும் பிடிக்காத பாட்டைப் பென் டிரைவில் ஏற்றுவார் இல்லை. பிடித்த பாட்டைப் பத்தே நாளில் பகையாக்கும் வேலையை நீங்களும் நாங்களும் சேர்ந்துதான் செய்கிறோம்.

முதலில் எண்ணிக்கை. கமிட்டி கொடுக்கும் பென் டிரைவில் வழக்கமாக இருபது பாட்டு இருக்கும். பாட்டுக்கு நாலரை நிமிடம் வைத்தால் ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம். காலை 6 மணிக்குப் போட்டு இரவு 10 மணிக்கு நிறுத்தினால் 960 நிமிடம். ஒவ்வொரு பாட்டும் நாளுக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஓடுகிறது, பத்து நாள் திருவிழாவில் நூறைத் தாண்டுகிறது. பாடியவரே வந்து கேட்டாலும் இருபதாவது தடவையில் எழுந்து போய்விடுவார்.

இந்த இருபதிலும் முதல் பாட்டுக்குத்தான் சாபம் அதிகம் விழும். காரணம் கரண்ட். விலை குறைந்த யு.எஸ்.பி. பிளேயர்கள் பலவற்றுக்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் மறுபடி முதல் பாட்டிலிருந்து தொடங்கும். லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினால் ஒரு தடவை, திரும்ப லைனுக்கு மாற்றினால் இன்னொரு தடவை. "புதுசா முப்பது பாட்டு சேர்த்துக் கொடுத்தோமே, பழசே ஓடுதே" என்று தம்பிமார் சண்டைக்கு வருவதும் இதனால்தான். கம்ப்யூட்டர் திரையில் பாட்டுகள் அகர வரிசையில் தெரியும். பிளேயர்களில் பல அந்த வரிசையைப் பார்ப்பதில்லை, எது முதலில் பென் டிரைவுக்குள் போனதோ அதை முதலில் பாடும். புதுப் பாட்டு வால்பகுதியில் நிற்கும். வால் வரைக்கும் போவதற்குள் கரண்ட் போய்விடும்.

இதற்கு வைத்தியம் சுலபம். பென் டிரைவை முழுக்க அழித்து ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பாட்டுகளின் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஒரே மூச்சில் ஏற்றுங்கள். காலைக்கு ஒரு ஃபோல்டர், மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. பிளேயரும் மிக்ஸரும் சேர்ந்து தின்னும் மின்சாரம் மிகக் குறைவு. கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை அவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஆம்ப்ளிஃபயர் அணைந்தாலும் பிளேயர் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை பாட்டு வேண்டும்? பதினாறு மணி நேரமும் பாட வேண்டும் என்று அம்மன் கேட்கவில்லை. காலை 6 முதல் ஏழரை வரை, கூழ் ஊற்றும் நேரத்தில் ஒரு மணி நேரம், மாலை 6 முதல் எட்டரை வரை என்று வைத்தால் நாளுக்கு ஐந்து மணி நேரம். 67 பாட்டு பிடிக்கும். 230 பாட்டு கையில் இருந்தால் பத்து நாளிலும் எந்தப் பாட்டும் மூன்று தடவைக்கு மேல் வராது. நல்ல தரத்தில், அதாவது 320 கே.பி.பி.எஸ். வேகத்தில் ஏற்றினாலும் எல்லாம் சேர்ந்து இரண்டரை ஜி.பி.தான். 230 அம்மன் பாட்டுக்கு எங்கே போவது என்கிறீர்களா? நாகஸ்வரம் இருக்கிறது, ஒரு ராகமே கால் மணி நேரம் போகும். பம்பை, உடுக்கை, வில்லுப்பாட்டுப் பதிவுகள் இருக்கின்றன. நாலு பாட்டுக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் சும்மா விடுவதும் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் அடுத்த பாட்டைக் கேட்கக் காது தயாராகும்.

அடுத்தது குழாய்.

கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்காகப் பிறந்தது. பெரும்பாலான குழாய்களில் 300 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே சத்தம் வராது, மேலே 6,000 அல்லது 7,000 தாண்டினால் படுத்துவிடும். நடுவில் 2,000 முதல் 5,000 வரை உள்ள பகுதியில் குழாய் வெறித்தனமாகக் கத்தும். மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்பதும் அதே பகுதியைத்தான். குழந்தையின் அழுகையும் ஊசி போல ஏறும் இடம் அது.

எல்.ஆர். ஈஸ்வரி குரலில் வந்த பழைய அம்மன் பாட்டுகள் இந்தக் குழாயிலும் கம்பீரமாக நின்றதற்குக் காரணம் உண்டு. குரல் முன்னால், உடுக்கை பின்னால், வாத்தியக் கூட்டம் குறைவு. எல்லாமே குழாய்க்குப் பொருந்திய அலைவரிசையில் இருந்தன. இன்றைய பாட்டின் உயிர் 50, 100 ஹெர்ட்ஸ் பேஸில், அதாவது அடித்தொனியில் இருக்கிறது. குழாய் வழியே வரும்போது அந்த பேஸ் முழுக்கக் காணாமல் போய், கைத்தட்டல் சத்தமும் "ஸ்ஸ்" என்ற கூச்சலும் மட்டும் ஊருக்குப் போய்ச் சேரும். குழம்பை வடித்துக் கொட்டிவிட்டு முருங்கைச் சக்கையை இலையில் வைப்பது போன்றது இது.

"பேஸ் வரலையே" என்று யாராவது ஒரு தம்பி ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து பேஸ் குமிழைக் கடைசி வரை திருகுவார். தயவுசெய்து வேண்டாம். குழாயால் அந்த பேஸைத் தர முடியாது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் அதற்காகத் தன் சக்தியில் பெரும்பகுதியைச் செலவழிக்கும், மிச்சம் போதாமல் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படும். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வெட்டுப்படுகிறது என்று அர்த்தம், விடாமல் எரிந்தால் பாட்டு செத்துவிட்டது என்று அர்த்தம். ஊருக்குக் கேட்கும் அந்தக் "கரகர" இதுதான். குழாயின் பின்னால் மாட்டியிருக்கும் யூனிட்டுக்குள் உள்ள கம்பிச்சுருள் (காயில்) எரிவதும் பெரும்பாலும் இப்படித்தான். குழாய்க்கு பேஸ் குமிழ் நடுவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், ட்ரெபிள் (மேல்தொனி) நடுவில். மாலையில் ஊரே விளக்குப் போடும்போது வோல்டேஜ் 180 வரைகூட இறங்கலாம். அப்போது வால்யூமைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த லைன் என்றால் இன்னும் மோசம், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

எல்லாக் குழாயையும் ஒரே ஒயரில் கோக்கும் நூறு வோல்ட் லைனில், குழாய் எத்தனை வாட் இழுக்கும் என்று தீர்மானிக்கும் 'டேப்' இணைப்பை எல்லாவற்றுக்கும் 30 வாட்டில் வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 160 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு நாலு குழாய், ஆளுக்கு 30 என்றால் 120, அது சரி. ஆறாகக் கூட்டினால் 180, ஆம்ப்ளிஃபயர் திணறும். வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயை 15க்கோ ஏழரைக்கோ மாற்றினால் போதும். வாட்டைப் பாதியாகக் குறைத்தாலும் சத்தம் 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள், ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் கவனிப்பார்.

கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி எல்லாவற்றிலும் ஒரே பாட்டைப் போடும்போது இன்னொரு கோளாறு சேரும். சத்தம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 90 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் பாட்டு கால் நொடி தாமதமாக வரும். நிமிடத்துக்கு 120 அடி விழும் குத்துப்பாட்டில் கால் நொடி என்பது சரியாக அரைத் தட்டு. இரண்டு தட்டுக்கும் நடுவில் இன்னொரு தட்டு விழுந்தால் தாளம் நொண்டும், வார்த்தை ஒன்றும் விளங்காது. தெருக்கோடியில் இருப்பவர் "என்ன பாட்டுன்னே புரியலை, இரைச்சல்" என்று சொல்வது பொய்யில்லை. குழாய்களை ஒன்றுக்கொன்று எதிரெதிராகப் பார்க்கும்படி வைக்காதீர்கள். எல்லாம் கோயிலிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையோட்டத்தில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மொட்டை மாடியைப் பார்த்து நிற்கும் குழாய் அடுத்த ஊருக்குத்தான் பாடுகிறது.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் வாத்தியம் மட்டும் ஓங்கியும் கேட்டால் பாட்டில் குறையில்லை. பிளேயரில் செருகும் ஒயரின் முனை, அதாவது பின், முழுசாக உள்ளே போகவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் இணைப்பு தொடாமல் இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, நடுவில் இருக்கும் குரல் மறைந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் சில பழைய ஸ்டீரியோ பதிவுகளில் கோரஸ் பாதி காணாமல் போகும். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒன்று சேருங்கள். மைக்குக்கான எக்கோ குமிழைப் பாட்டு ஓடும்போது சுழியத்தில் வையுங்கள். நன்கொடையாளர் பெயர் வாசிக்கும்போது வேண்டுமானால் திருகிக்கொள்ளலாம், அவர்களுக்கும் ஆசை இருக்கும்.

இப்போது அளவு. 2000ஆம் ஆண்டின் மத்திய ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவுக்கு மேல் 10 வரை போகலாம், எப்படியும் 75ஐத் தாண்டக் கூடாது. அதாவது நம் தெருவில் பகலுக்கு 65. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. மார்கழியில் நாலரை மணிக்குப் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நள்ளிரவு வரை நீட்டிக்க விதியில் விலக்கு உண்டு, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். அந்த நாட்களை அறிவிக்க வேண்டியது அரசு, நம் பொருளாளர் அல்ல. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

ஒரு நல்ல குழாய் ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெசிபல் தரும். தூரம் பத்து மடங்கானால் 20 குறையும். ஆக ஒரு வாட்டில் ஓடும் குழாய் 100 மீட்டர் தள்ளிச் சரியாக 65 தருகிறது. அதே குழாயை 30 வாட்டில் ஓட்டினால் அங்கே 80. திருவிழாவுக்கு வேண்டியது ஒரு வாட்; நாம் முப்பது வாட் கொடுத்துவிட்டுப் பாட்டு சரியில்லை என்கிறோம்.

போலீஸ் அனுமதிக் கடிதத்தில் பெரும்பாலும் "கூம்பு கூடாது, பெட்டி வடிவம் மட்டும்" என்று எழுதியிருக்கும். நல்லதுதான், பெட்டியில் பாட்டு பாட்டாக வரும். ஆனால் 18 அங்குல பேஸ் பெட்டியை நாலு அடுக்கி வைத்தால் வேறு வினை. மீட்டர் காட்டும் டெசிபல் "ஏ" அளவில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அடித்தொனியைக் குறைத்து எண்ணும் முறை) 63 ஹெர்ட்ஸ் சத்தம் 26 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படும். மீட்டரில் எண் சாதுவாக இருக்கும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஆடும். பேஸுக்குச் சுவரும் தடையில்லை, திசையும் கிடையாது. பக்திப் பாட்டுக்கு அந்தப் பெட்டிகள் தேவையே இல்லை. கச்சேரி நடக்கும் ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பல மிக்ஸர்களில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும்.

பழைய பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு திடீரென்று அலறிக்கொண்டும் வருவதற்குப் பதிவு முறைதான் காரணம். புதியவை உச்சி வரை அழுத்தி நிரப்பப்பட்டவை. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் எல்லாப் பாட்டையும் போட்டு 89 என்ற அளவுக்குச் சமன் செய்தால் ஒரே மட்டத்தில் ஓடும். பத்து நிமிட வேலை. செய்யாவிட்டால் மெதுவான பாட்டுக்கு வால்யூம் கூட்டியவர் டீ குடிக்கப் போயிருக்கும்போது அடுத்த பாட்டு ஊரைத் தூக்கும்.

கடைசியாக ஒன்று, இது கருவி சம்பந்தப்பட்டதில்லை. 1960களின் இறுதியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்களில் சிலருக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை அழுத்தாமலே இருந்தும், பொத்தான் இல்லாதவர்களைவிடப் பிற்பாடு நன்றாக வேலை செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற எண்ணமே பாதிப் பாரத்தை இறக்கிவிடுகிறது. பாட்டு ஓடும் நேரத்தையும், மைக் செட் பக்கம் இருப்பவரின் செல்போன் எண்ணையும் திருவிழா நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலிருந்தும் சாவு விழுந்த வீட்டிலிருந்தும் கூப்பிட்டால் அந்தப் பக்கத்துக் குழாயின் ஒயரைக் கழற்ற ஒரு நிமிடம் ஆகாது.

எங்களில் சிலரும் "சத்தம் குறைஞ்சா கமிட்டி காசு குறைப்பாங்க" என்று பயந்து குழாய் எண்ணிக்கையைக் காட்டியே விலை பேசுகிறோம். அந்தத் தப்பு எங்களுடையது. இந்த ஆடியில் குழாய்க்கு இவ்வளவு என்று பேசாமல் நாளுக்கு இவ்வளவு என்று பேசுவோம். எட்டுக் குழாய்க்குப் பதில் நாலு பெட்டி வந்தாலும் வாடகை அதேதான், கூடவே ஆள் ஒருவர் பந்தலை விட்டு நகராமல் இருப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, வெற்றிலை பாக்கோடு 230 பாட்டுக்கான பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பது. காப்புக் கட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு வந்தால் நலம். சமன் செய்து, எண் போட்டு, ஏற்றிக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மைக் செட் போடுகிறவர்கள் சிலர்